மத்தியான வெயிலில் கமராவை உள்ளே வைக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் எங்கே போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பொது நூலகத்தின் முன்பக்கம், நல்லூர்க் கோபுரம், பின்னேரம் பண்ணைக் கடற்கரையில் சூரியன் இறங்குகிற நேரம். அந்தப் படங்களில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அவை ஏற்கெனவே எல்லோருடைய போனிலும் இருக்கின்றன. இடத்தைத் தேடுவதைக் கொஞ்ச நாளைக்கு விட்டுவிட்டு, வெயில் எந்தப் பக்கத்தில் இருந்து எதன்மேல் விழுகிறது என்று மட்டும் பார்த்துத் திரிந்தால், உங்கள் வீட்டு மதிலும் கிணற்றடியுமே போதும்.

காலையிலும் பின்னேரத்திலும் மட்டும்தான் எடுக்க வேண்டும், மத்தியான வெளிச்சம் கூடாது என்று எங்கேயும் சொல்வார்கள். முகங்களுக்கு அது சரி, உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கறுத்துப்போய் வடிவான ஆளும் நோயாளி மாதிரித் தெரிவார். சுவர்களுக்கு அது சரியே இல்லை. ஒரு பரப்பின் சொரசொரப்பு படத்தில் தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அந்தப் பரப்பை உரசிக்கொண்டு போக வேண்டும், நேரே முகத்தில் அடித்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகித் தட்டையாகிவிடும். நிலத்தை உரசுகிற வெளிச்சம் காலையிலும் பின்னேரத்திலும் கிடைக்கிறது. நிமிர்ந்து நிற்கிற மதிலை மேலிருந்து கீழாக உரசுகிற வெளிச்சமோ, எங்கள் ஊரில், உச்சிப் பொழுதில்தான் கிடைக்கிறது.

எங்கள் ஊரில் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணம் ஏறக்குறைய 9.7 பாகை வடக்கே இருப்பதால், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களிலும், பிறகு ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் மத்தியானம் நேரே உச்சந்தலைக்கு மேலே வரும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மத்தியானச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும், ஆகவே வைகாசி, ஆனியில் வடக்குப் பார்த்த மதில்களைப் பாருங்கள். மற்ற மாதங்களில் தெற்குப் பார்த்தவை. மார்கழியில் மத்தியானச் சூரியன் ஏறக்குறைய 57 பாகைதான் ஏறும், அப்போது மதிலில் நிழல் நீளம் குறைந்து கொஞ்சம் மென்மையாக இருக்கும். உச்சி என்பது கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு இல்லை, மாதத்தைப் பொறுத்துப் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் போகும். சுவருக்கு மேலே தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருந்தால் இது சரிவராது, முழுச் சுவரும் நிழலுக்குள் போய்விடும்.

இதைப் பழக நல்ல இடம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெருப்பித்த கோட்டையின் மதிலில் முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், நிறைய இருக்கிறது. கிட்டப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கல்லிலும் பவள உயிரிகளின் கூடுகளின் நுண்ணிய துளைகள், உச்சி வெயிலில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல். அதே கல்லைப் பின்னேரம் மேற்கு வெயில் நேரே அடிக்கும்போது எடுத்தால் வெறும் மஞ்சள் சுவர்தான். நெடுந்தீவில் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கும் இதே கதைதான், குறிகட்டுவானில் படகு பிடித்துப் போய்ச் சேர எப்படியும் வெயில் ஏறிவிடும், வெளிச்சம் கெட்டுப்போயிற்று என்று கவலைப்படாமல் அங்கே மேய்கிற குதிரைகளை விட்டுவிட்டு வேலியோடு நடவுங்கள்.

சரி, காலை வெளிச்சத்துக்கு என்ன செய்வது? நிலத்தைப் பாருங்கள். சூரியன் 45 பாகையில் நிற்கும்போது நிழலின் நீளமும் பொருளின் உயரமும் ஒன்று, எங்களுக்கு அது ஏறக்குறைய ஒன்பது ஒன்பதரை மணி, மார்கழியில் இன்னும் பிந்தும். அதற்கு முன்னால் எல்லா நிழலும் பொருளைவிட நீளம். கதியால் வேலிக்குள்ளால் ஒழுங்கையில் விழுகிற கோடுகள், பாயில் காயப்போட்ட ஒடியல், கிளறிவிட்ட செம்மண் தோட்டத்தின் வரம்புகள், இவையெல்லாம் ஏழு மணிக்கு ஒரு படம், பத்து மணிக்கு வேறு படம். கிடுகு வேலி இருக்கிற வீடுகள் குறைந்துகொண்டு வருகின்றன, கண்ட இடத்தில் எடுத்து வையுங்கள். நான் பொருளை விட்டுவிட்டு நிழலை மட்டும் சட்டத்துக்குள் வைத்து எடுப்பதைத்தான் விரும்புகிறேன். சைக்கிள் வேண்டாம், சைக்கிளின் நிழல் போதும்.

போனில் எடுப்பவர்கள் ஒரு விசயத்தை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கமராவுக்கு எது வெள்ளை, எது கறுப்பு என்று தெரியாது, எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளையடித்த மதிலை அழுக்காக்கிவிடும், இருட்டு மூலையை வெளிறச் செய்துவிடும். ஆகவே திரையில் வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், அப்புறம் விரலைக் கீழே இழுத்துக் கொஞ்சம் இருட்டாக்குங்கள். நிழல் நல்ல கறுப்பாக வரும். வெள்ளைச் சுவர் மட்டும் முழுச் சட்டத்தையும் நிரப்பினால் மாறாக மேலே இழுக்க வேண்டும். எச்டிஆர் என்று ஒன்று இருக்கும், அது நிழலுக்குள் இருப்பதையெல்லாம் வெளியே கொண்டுவந்து காட்டுகிற வேலை, முடிந்தால் நிறுத்திவிடுங்கள். கறுப்பு வெள்ளை ஃபில்டரைப் போட்டுக்கொண்டு எடுத்துப் பழகினால் நிறத்தில் மயங்காமல் வெளிச்சத்தை மட்டும் பார்க்கக் கண் பழகும். லென்ஸைத் துடைக்க மறக்காதீர்கள். கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு படலம் படியும், பாதிப் படங்கள் மங்கலாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இனிக் கோணம். 1920களில் ரஷ்யாவில் அலெக்சாந்தர் ரொட்சென்கோ என்ற படக் கலைஞர், தொப்புள் உயரத்தில் கமராவை வைத்தே எல்லாவற்றையும் எடுக்கிற வழக்கத்தை எதிர்த்து, கட்டடத்துக்கு அடியில் நின்று நேரே மேலேயும் மாடியில் நின்று நேரே கீழேயும் எடுத்தார். எங்களிடம் மலை இல்லை, உயரம் வேண்டுமானால் யாருடைய வீட்டு மொட்டைமாடியிலாவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் கோட்டைக் கொத்தளம். ஆனால் கீழே போவதற்கு யாரும் தடையில்லை. போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் நிலத்தோடு ஒட்டி வரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒழுங்கையில் தேங்கி நிற்கிற தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே அப்படிப் பிடித்தால், சின்னக் குட்டை குளமாகி, பனை இரண்டாகத் தெரியும். பனையை அடிமரத்தோடு ஒட்டி நின்று அண்ணாந்தும் எடுத்துப் பாருங்கள், மட்டைகளுக்கு நடுவில் சூரியனை ஒளித்து வைத்து.

கிணற்றையும் விடாதீர்கள். சித்திரையில் உச்சிச் சூரியன் நேரே அடித்தண்ணீரில் விழுகிற சில நிமிடங்கள் இருக்கின்றன, சுற்றுச்சுவரின் பாசியும் படிகளும் அப்போதுதான் முழுதாகத் தெரியும். கிணற்றுக் கட்டின்மேல் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, போனுக்கு வார் போட்டுக் கையில் மாட்டிக்கொண்டு குனியுங்கள்.

பருத்தித்துறைப் பக்கம் போனால் தெருமூடிமடம் இருக்கிறது, தெருவுக்கு மேலேயே கூரை, இரண்டு பக்கமும் கற்றூண்கள். வெளியே வெயில், உள்ளே இருட்டு, அப்புறம் திரும்பவும் வெயில். வெளிச்சத்துக்குப் பூட்டி வைத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். யாராவது சைக்கிளில் நிழலைத் தாண்டி வெளியே வருகிற கணத்தில் அழுத்த வேண்டும், அவசரப்பட்டால் கிடைக்காது.

திருத்துவதற்கு அதிகம் வேண்டாம். கொன்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டுங்கள், சட்டத்தின் ஓரத்தில் நுழைந்த மின்கம்பத்தை வெட்டுங்கள். நிழலை வெளிச்சமாக்குகிற ஸ்லைடரில் கை வைத்தால் மத்தியானம் நின்று காய்ந்ததெல்லாம் வீண்.

ஆட்கள் வருகிற படத்துக்கு, எடுப்பதற்கு முன்னோ பின்னோ, "ஐயா, ஒரு படம் எடுக்கட்டே?" என்று கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் அழித்துவிடுங்கள். நல்லூர்க் கோவிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், வெளி வீதியில் மணலும் காவி வெள்ளைச் சுவரும் இருக்கின்றன, அவை போதும். இராணுவ முகாம், காவலரண் பக்கம் மட்டும் லென்ஸைத் திருப்பாதீர்கள், அந்த முள்ளுக்கம்பி வேலியில் எவ்வளவு நல்ல நிழல் விழுந்தாலும் சரி.