மேக்ரோவுக்குள் கன்ட்ரோல்-என்: முப்பத்தேழு சிறுமிகள்

எங்கள் தெரு வாசகசாலையின் புத்தகப் பட்டியலை விம் (Vim) எடிட்டரில்தான் வைத்திருக்கிறேன்; எல்லா வேலையையும் விசைகளாலேயே செய்யும் எழுத்துச் செயலி அது. வரிக்கு ஒரு புத்தகம். போன மாதம் 41 முதல் 96 வரையுள்ள வரிகளின் கடைசியில் ‘சிறுகதைத்தொகுப்பு’ என்று சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு நீளச் சொல்லை யார் அடிப்பது? க்யூ, ஏ அழுத்தி, ஏ என்ற ரெஜிஸ்டரில் (விம் எழுத்துகளை வைத்திருக்கும் பெட்டி) விசைகளைப் பதியத் தொடங்கினேன். இந்தப் பதிவுதான் மேக்ரோ. வரிக் கடைசியில் எழுதப் பெரிய ஏ, கமா, ‘சிறு’, பிறகு பாதிச் சொல்லை ஃபைலில் தேடி முடித்துத் தரும் கன்ட்ரோல்-என். ‘சிறுமி’ என்று வந்தது. இன்னொரு முறை அழுத்தியதும் சரியான சொல் வந்தது. எஸ்கேப், கீழே இறங்க ஜே, பதிவை முடிக்க க்யூ. அடுத்து, பதிவை 55 முறை ஓட்ட 55@ஏ.

60-ஆவது வரியிலிருந்து 96 வரை எல்லாம் ‘சிறுமி’ ஆகிவிட்டிருந்தன.

மேக்ரோ நாம் தேர்ந்த சொல்லை நினைவில் வைப்பதில்லை. எந்த விசையை எத்தனை முறை அழுத்தினோம் என்பதை மட்டுமே வைக்கிறது. கன்ட்ரோல்-என் கர்சருக்குக் கீழே தேடிப் போய், ஃபைல் முடிந்ததும் மேலிருந்து மறுபடி வரும். என் பட்டியலில் 60-ஆவது வரியில் ‘சிறுமி’ என்று தொடங்கும் தலைப்பு ஒன்று. ‘சிறுகதைத்தொகுப்பு’ முன்பே 120-ஆவது வரியில் இருந்தது. 41-இல் நின்றால் சிறுமி முதலில், தொகுப்பு இரண்டாவது. 60-ஐத் தொட்டதும் வரிசை தலைகீழ். கன்ட்ரோல்-பி (p) போட்டாலும் தப்ப முடியாது. அது மேல்நோக்கித் தேடும். 60-ஆவது வரியில் அதே வரியின் தலைப்பையே பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழே ஒவ்வொரு வரியும் மேல் வரியின் தப்பைக் காப்பியடிக்கும்.

சரி, என்ன செய்யலாம்? சேமிக்காமல் ஃபைலை மூடித் திறந்துகொள்ளுங்கள். மேக்ரோ இன்னும் ரெஜிஸ்டரில் இருந்தால் அதையே திருத்தலாம். ஃபைலின் கடைசியில் ஒரு காலி வரி திறந்து, இரட்டை மேற்கோள், ஏ, பி (p) என்று அழுத்தினால் பதிவு எழுத்தாக வந்து விழும். அதில் கன்ட்ரோல்-என் ‘^என்’ என்று ஆங்கில எழுத்தில் தெரியும். இரண்டு முறை அழுத்தியதால் வந்த இரண்டு ‘^என்’-களையும் அழித்து மீதிச் சொல்லை முழுதாக அடியுங்கள். பிறகு 0 அழுத்தி வரித் தொடக்கத்துக்குப் போய், இரட்டை மேற்கோள், ஏ, ஒய், $ அழுத்தி ஏ-யில் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஒய்-ஐ இரண்டு முறை அழுத்தி முழு வரியாக எடுக்காதீர்கள். வரி முடிவும் சேர்ந்துகொண்டு கர்சர் ஒரு வரி கூடுதலாக இறங்கும். கடைசியில் திறந்த அந்த வரியை டிடி (dd) போட்டு நீக்கிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி இதைவிடச் சோம்பேறித்தனமானது. மேக்ரோவே வேண்டாம். 41-ஆவது வரியில் ஒரே ஒரு முறை, கன்ட்ரோல்-என் உதவியோடே, சொல்லைச் சேர்த்து எஸ்கேப். அப்புறம் முக்காற்புள்ளி போட்டு 42,96 நார்மல், ஓர் இடைவெளி, ஒரு புள்ளி, என்டர். புள்ளிக் கட்டளை விசைகளை அல்ல, கடைசியில் நுழைந்த எழுத்துகளையே திரும்பப் போடும். 55 வரியும் சுத்தமாக வந்தன.

ஒரே வரியில் பல இடங்களில் சொல் வேண்டுமென்றால் மட்டும் மேக்ரோ. அப்போதும் சொல்லை முன்கூட்டியே பி (b) என்ற ரெஜிஸ்டரில் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவின்போது கன்ட்ரோல்-ஆர், பி என்று ஒட்டுகிறேன். மேக்ரோ பதிவை ஏ-யிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மறந்து இரண்டையும் பி-யிலேயே போட்டுத் தொலைத்தேன்.