பூட்டுப் போட முதல் பிறந்த ஆண்டைப் பாருங்கள்

புதுக்குடியிருப்பில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். "அண்ணை, மகள் எந்த நேரமும் டிக்டொக்தான். ஏதாவது பூட்டுப் போட்டு விடுங்கோ" என்று கிழமைக்கு ஒரு தாயாவது வருவார். பூட்டு இருக்கட்டும். கணக்குத் தொடங்கும்போது எந்தப் பிறந்த ஆண்டைக் கொடுத்தது என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள்.

என் வீட்டில் அந்தப் பிழையைச் செய்தவன் நானேதான். மகளுக்கு அப்போது 12 வயது, டிக்டொக்குக்கு 13 ஆக வேண்டும். அவளின் ஆக்கினை தாங்காமல் என்னுடைய 1984ஐப் போட்டுக் கொடுத்தேன். 16 வயதுக்குக் குறைந்தவர்களின் கணக்கை டிக்டொக் பிறர் பார்க்காதபடி மூடித்தான் தொடங்கும். தனிச்செய்தியும் அனுப்ப விடாது. என் மகளை நாற்பது வயதுக்காரி என்று நம்பி எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தது. ஒருநாள் இரவு புட்டுச் சாப்பிடும்போது அவளின் போன் விடாமல் அதிர்ந்தது. "ஆரம்மா?" என்றேன். "தெரியாதப்பா, ஒரு அண்ணா எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேக்கிறார்" என்றாள். கையில் எடுத்த புட்டு வாய்க்குப் போகவில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். டிக்டொக்கில் பிறந்த திகதியை நினைத்தபடி மாற்ற முடியாது. பழைய கணக்கை அழியுங்கள். பிள்ளைக்கு 13 முடிந்திருந்தால் மட்டும் சரியான திகதியோடு புதிதாகத் தொடங்குங்கள். உங்கள் போனிலும் டிக்டொக் போட்டு, செட்டிங்கில் 'ஃபேமிலி பெயரிங்' போய் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணினால் இரண்டு கணக்கும் இணையும். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை அப்புறம் நீங்களே வைக்கலாம். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தித்தான் செய்யுங்கள். ஒளித்துச் செய்தால் அடுத்த கிழமை இன்னொரு கணக்கு முளைக்கும்.

வட்ஸ்அப்பில் வேலை சின்னன்: செட்டிங், பிரைவசி, குரூப்ஸ் என்று போய் 'மை கொன்டக்ட்ஸ்' வைத்தால் தெரியாத ஆட்கள் குழுக்களில் சேர்க்க முடியாது.

தாய் தகப்பன் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால்? அம்மம்மாவுக்கு செட்டிங் தெரியாது. ஒன்பது மணிக்குப் போனை வாங்கிச் சாமிப்படத்தடியில் சார்ஜில் போடத் தெரியும். அது காணும்.

படத்தை வைத்து யாராவது வெருட்டினால் பிள்ளையை ஏசாதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துவிட்டு 1929க்கு அழையுங்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலவச இலக்கம். செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். அழித்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தால் என்னாலும் எடுத்துத் தர ஏலாது.