எமுலேட்டரை விடுங்கள், உங்கள் போனிலேயே ஓட்டிப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பழகுகிறவர்கள் எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் போலி போன்) திறக்கும் வரை காத்துக்கொண்டு உட்கார வேண்டாம், ரேம் குறைந்த லேப்டாப்பில் அது திணறும். போன் செட்டிங்ஸில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளை மாட்டிவிட்டு, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் ரன் கொடுத்தால் ஆப் நேராகப் போனுக்கே வந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் வைஃபையே போதும்.

சரி, என்ன ஆப்? சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு, கிராம் போட்டால் கூலி காட்டுகிற மாதிரி ஒன்று செய்யுங்கள் (டூ-டூ லிஸ்ட் ஊர்ப்பட்டது இருக்கிறது).

எடையைப் போட்டதும் போனைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள். எண் காணாமல் போனால் பதற வேண்டாம். திரை திரும்பும்போது ஆண்ட்ராய்டு பொதுவாக அந்த ஆக்டிவிட்டியை (ஆப்பின் திரையை) அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறது, திரையைக் கம்போஸில் (ஆப் திரைகளை வடிவமைக்கும் ஆண்ட்ராய்டு கருவி) எழுதியிருந்தால் ரிமெம்பர் என்பதை ரிமெம்பர்சேவபிள் என்று மாற்றினால் நிற்கும். அப்புறம் ஃபிளைட் மோடிலும் ஓட்டுங்கள். ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் போனாலும் கணக்கு போகக்கூடாது, அதனால் ரூம் (ஆண்ட்ராய்டின் டேட்டாபேஸ் லைப்ரரி) டேட்டாபேஸில் போனுக்குள்ளேயே சேமித்துவிடுங்கள்.