பசித்தால் தின்னும் என்று விட்டுவிடாதீர்கள்: கினிப் பன்றிக்கு மரக்கறி பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கினிப் பன்றி மரக்கறியைத் தொடவே மாட்டேன் என்கிறது என்று திருகோணமலையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ஆலோசனை இதுதான்: "ரெண்டு நாளைக்கு ஒண்டும் போடாம விடுங்கோ, பசிச்சாத் தின்னும்." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பிராணியைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான ஆலோசனை வேறில்லை.

அதன் குடல் அசைய வேண்டுமானால் இரவு பகலாக நார்ச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். தீனி நின்றால் குடல் மந்தமாகிவிடும். நாரைப் புளிக்கவைத்துச் செரிக்கும் குருட்டுக்குடலில் நுண்ணுயிர்களின் சமநிலை குலைந்து வாயு கட்டும். வயிறு ஊதினாலும் கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி நீண்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் படியத் தொடங்கும். அரை நாளாக எதுவும் தின்னாமல் மூலையில் குந்தியிருந்தாலே கவனிக்க வேண்டும். 24 மணித்தியாலம் தாண்டினால் அது அவசர நிலை. ஆகவே புது மரக்கறி பழக்கும் நாட்களில்தான் கூட்டில் புல் இன்னும் தாராளமாக இருக்க வேண்டும். தின்பதில் ஐந்தில் நான்கு பங்கு எப்படியும் புல்தான். மரக்கறி அதற்கு மேல் வருவது.

மூன்றாம் நாளே முடிவு கட்டுவது

எது தீனி, எது தீனி இல்லை என்பதைக் கினிப் பன்றிக் குட்டி பிறந்த முதல் சில கிழமைகளில், தாய் தின்பதைப் பார்த்தே கற்றுக்கொள்கிறது. அந்தக் காலத்தை உருண்டைத் தீனியும் ஒரே வகைப் புல்லுமாகக் கடையில் கழித்த குட்டிக்குக் கரட் என்பது ஒரு செம்மஞ்சள் நிறப் பொருள், அவ்வளவுதான். அதைக் கூட்டுக்குள் போட்டதும் பயந்து ஒளிவது பிடிவாதத்தினால் அல்ல.

வாசனை, பதம், வெட்டிய வடிவம், எல்லாவற்றிலும் அதற்குச் சந்தேகம் வரும். நேற்று வட்டமாக வெட்டிக் கொடுத்த கரட்டைத் தின்றது, இன்று துருவிக் கொடுத்தால் மோந்துவிட்டுப் போய்விடும். அதனால் ஒரே மரக்கறியை ஒரே வடிவில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாள்தோறும் வையுங்கள். பெருவிரல் நகமளவு துண்டு போதும். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் தொடாததை எடுத்துவிட்டு, மறுநாள் புதிதாக வையுங்கள். முதலில் மோந்து பார்க்கும். பிறகொரு நாள் பல்லால் ஒரு கீறு கீறிவிட்டுப் போட்டுவிடும். அந்தக் கீறலைக் கண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பலர் அதைத்தான் "கடிச்சுப் பாத்துட்டுப் பிடிக்கேல்லை" என்று வாசித்துவிட்டு, அடுத்த மரக்கறிக்குத் தாவுகிறார்கள். ஒன்று பழகுமுன் நான்கைக் காட்டினால் எதுவுமே பழகாது.

கொத்தமல்லி இலையை ஏற்கெனவே விரும்பித் தின்னும் என்றால், அதைக் கசக்கிப் புதுத் துண்டின்மேல் தேய்த்துக் கொடுக்கலாம். அதைவிட நன்றாக வேலை செய்வது துணை. மரக்கறி தின்னப் பழகிய இன்னொரு கினிப் பன்றி பக்கத்தில் இருந்து கறுக்குமுறுக்கென்று கடிக்கும் சத்தத்துக்கு ஈடான பாடம் நம்மிடம் இல்லை. பெரும்பாலும் மற்றதன் வாயில் இருப்பதைத்தான் முதலில் பறித்துத் தின்னும்.

தின்கிறதே என்று கெக்கரிக்காயிலேயே நின்றுவிடுவது

அடம்பிடிக்கும் கினிப் பன்றிகள் முதலில் ஏற்றுக்கொள்வது அநேகமாகக் கெக்கரிக்காய்தான். வெள்ளரி இனம், தண்ணீர் நிறைந்தது, கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் குளிர்ச்சிக்கு நல்லதுதான். வீட்டுக்காரருக்கும் நிம்மதி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கினிப் பன்றிக்கு நம்மைப் போலவே உடம்பில் விற்றமின் சி உற்பத்தியாவதில்லை. முயலுக்கு உற்பத்தியாகும், இதற்கு ஆகாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். சினைப்பட்டதற்கு அந்த மேல் அளவு. 100 கிராம் கெக்கரிக்காயில் இருப்பது ஏறத்தாழ 3 மில்லிகிராம். அதாவது ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றி 25 மில்லிகிராம் பெறவேண்டுமானால், கிட்டத்தட்டத் தன் எடைக்குக் கெக்கரிக்காய் தின்ன வேண்டும். கரட்டிலும் 6 மில்லிகிராம்தான். சிவப்புக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு 128 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, பச்சையில் 80. சிவப்பில் 20 கிராம் கீற்று ஒன்று ஒரு நாள் கணக்கைத் தீர்த்துவிடும்.

குடைமிளகாய் விலை கட்டுப்படியாகாவிட்டால் கறிமிளகாய் இருக்கிறது. ஆனால் அதில் சிலது நன்றாக உறைக்கும். நுனியை நீங்களே கடித்துப் பார்த்த பிறகு, விதையை வழித்து எறிந்துவிட்டுக் கொடுங்கள். கொய்யாவில் விற்றமின் சி இவை எல்லாவற்றையும்விட அதிகம், 100 கிராமில் 200 மில்லிகிராமைத் தாண்டும். இருந்தாலும் பழம் பழம்தான், சீனி உண்டு. கிழமைக்கு இரண்டு தரம் மெல்லிய துண்டு போதும்.

சிலர் தண்ணீர்ப் போத்தலில் விற்றமின் சொட்டு விட்டுவிட்டுத் தைரியமாக இருக்கிறார்கள். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அது சீக்கிரமே பலமிழக்கும். சுவை மாறியதால் பிராணி தண்ணீரையும் குறைத்துவிடும். முயல் தீனியில் விற்றமின் சி சேர்ப்பதே இல்லை. கினிப் பன்றித் தீனியில் சேர்த்திருந்தாலும் தயாரித்துச் சில மாதங்களில் குறைந்துவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் விரைவாக. மூட்டு வீங்கி, நடக்க மனமில்லாமல், தொட்டால் கத்தினால் இந்தக் குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சந்தையில் கழிக்கும் இலைகள்

திருகோணமலை நகரத் தெருக்களில் திரியும் புள்ளிமான்கள் கோவா இலை, வாழைப்பழத் தோல் என்று எதையும் விடுவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மான் தின்பதைக் கினிப் பன்றி தின்னாதா என்று தோன்றுவது இயல்பு. மான் அசைபோடும் விலங்கு. அதன் வயிற்று அமைப்பே வேறு. (மானுக்கும் அந்தக் குப்பை நல்லதல்ல, அது வேறு கதை.)

மரக்கறிக் கடையில் சும்மா தரும் சொப்பிங் பை நிறைய இலையில் என்னென்ன இருக்கும் என்று கொட்டிப் பாருங்கள். கோவாவின் வெளி இலை, பூக்கோவா இலை, வாடிய பீட்ரூட் இலை, இடையில் லீக்ஸ். மலைநாட்டு மரக்கறி தம்புள்ளை வந்து, ஹபரணை, கந்தளாய் தாண்டி இங்கே சேரும்போது அந்த வெளி இலைகள்தான் அழுகலில் முன்னுக்கு நிற்கும். மருந்து அடித்திருந்தால் அதிகம் பட்டதும் அவற்றில்தான். லீக்ஸ், வெங்காயம், வெங்காயத்தாள், உள்ளி எல்லாம் ஒரே குடும்பம். கினிப் பன்றிக்கு நஞ்சு. கோவா அதிகமானால் வாயு. உருளைக்கிழங்கும் அதன் செடியும், தக்காளி இலை, மரவள்ளி இலை, பட்டர்புருட் ஆகியவற்றைப் பக்கத்திலும் கொண்டுவர வேண்டாம். சோறு, பாண், அவித்த மரக்கறி ஆகியவையும் கூடாது.

கீரையில் நாம் செய்யும் தவறு வேறு மாதிரி. மனிதருக்குச் சத்து என்பதெல்லாம் இதற்கும் சத்து என்று முருங்கை இலையை நாள்தோறும் கொடுப்பது. முருங்கையில் கல்சியம் மிக அதிகம். பசளியில் ஒக்சலேற்று அதிகம். இவை நாள்தோறும் போனால் சிறுநீர்ப்பையில் கல் வரும் வாய்ப்பு கூடும். சிறுநீர் கழிக்கும்போது கீச்சிட்டால், படுக்கைத் துணியில் சிவப்புக் கறை கண்டால் தாமதிக்க வேண்டாம். இந்த இரண்டையும் கிழமைக்கொரு தரம் ஒரு சிறு கொத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கங்குன் கொடுப்பதானால் அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று விசாரித்துவிட்டு, நன்றாக அலசிக் கொடுங்கள்.

வைக்கோல் புல்லாகாது

தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் வயல் இருப்பவர்கள் வைக்கோலை அள்ளித் தருவார்கள். படுக்கையாக விரிக்கலாம். நெல்லை எடுத்த பிறகு மிஞ்சும் தண்டில் ஊட்டம் சொற்பம். அதையே புல்லுக்குப் பதிலாக வைத்தால் பிராணி மெலியும். கினிப் புல், அறுகம்புல், மாட்டுக்கு வளர்க்கும் சி.ஓ.3 என்ற தீவனப் புல் எல்லாம் நல்லவை. களைநாசினி அடித்த வரப்பிலும், நாய்கள் திரியும் தெருவோரத்திலும் அறுக்காதீர்கள். மாரியில் அறுத்த ஈரப்புல்லைக் குவித்து வைத்தால் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் பரப்பி வையுங்கள்.

வெயில் காலத்தில் மரக்கறியைக் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை வெக்கை தணிந்த பிறகும் வைத்தால் நன்றாகத் தின்னும். நடுப்பகலில் கினிப் பன்றி கால் நீட்டிப் படுத்துத்தான் கிடக்கும். அந்த நேரத்தில் மறுப்பதை வைத்து அதன் விருப்பத்தை எடைபோட வேண்டாம். பிரிட்ஜிலிருந்து எடுத்த மரக்கறியைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குளிர் போன பிறகு கொடுங்கள்.

பல்வலியைப் பிடிவாதம் என்று நினைப்பது

எனக்கு இதுதான் மிகவும் கவலை தரும் தவறு. முன்பு ஆசையாகத் தின்றது திடீரென்று மறுத்தால், அதைச் சுவைப் பிரச்சினை என்று எண்ணவே கூடாது. கினிப் பன்றியின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். புல் அரைத்துத் தேயாவிட்டால் கடைவாய்ப் பற்கள் நாக்கின்மேல் வளைந்துவிடும். சுவை பார்த்து மறுக்கும் கினிப் பன்றி மோந்துவிட்டு விலகும். பல்வலி உள்ளது ஓடிவரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும், மறுபடி எடுக்கும். தாடை ஈரமாக இருக்கும்; மென்மையானதை மட்டும் தெரிந்து தின்னும்.

சமையலறைத் தராசில் கிழமைக்கொரு தரம் நிறுத்து எழுதி வையுங்கள். வளர்ந்தது பொதுவாக 700 முதல் 1200 கிராம் இருக்கும். ஒரு கிழமையில் 50 கிராம் குறைந்தால் உன்னிப்பாகப் பாருங்கள். 100 குறைந்தால் மிருக வைத்தியரிடம் போங்கள். அங்கே பெரும்பாலும் மாடும் நாயும்தான் வரும் என்பதால், எழுதிய எடைக் குறிப்பையும், என்ன தின்றது, என்ன தின்னவில்லை என்ற விபரத்தையும் கொண்டுபோனால் அவருக்கு உதவியாக இருக்கும். போவதற்கு முன் வீட்டில் மிச்சமிருக்கும் அமொக்சிசிலினைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழி போனால் அதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, சில நாட்களில் உயிரே போகலாம்.