செம்மண்ணும் வெள்ளை மரமும்: ஆஸ்திரேலியப் பாலையில் படம் எடுக்கப் பழகலாம்

ஆஸ்திரேலியாவின் நடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் முதன்முதலாக எடுத்த படங்களை வீட்டில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வைட் லென்ஸில் எல்லாவற்றையும் அள்ளியிருந்தேன். பாதி வானம், பாதி செம்மண், கண் நிற்க ஓர் இடம் இல்லை. அதனால் புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஒரு மரத்தைப் பிடியுங்கள். பாலையின் அகலம் அதை வைத்துத்தான் புரியும்.

1. காலம்

மே முதல் செப்டம்பர் வரை போங்கள். அங்கே கோடை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வெப்பம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், விடியற்காலையோ உறைபனிக் குளிர். பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், இன்னொன்றைச் சட்டைக்குள் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. வெயில் வரும் பக்கம்

அங்கே குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்க வடக்கே சாய்ந்துதான் போகும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸை ஒட்டிய மெக்டொன்னல் மலைத்தொடர் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் அதன் தென்முகம் பெரும்பாலும் நிழலில் இருக்கும். காலையில் அந்தப் பக்கம் நின்று, நிழல் விழாத தூரத்தில் இருக்கும் மரமாகப் பாருங்கள். தண்டின் ஒரு விளிம்பில் வெயில், பின்னால் இருண்ட மலை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

3. கோஸ்ட் கம்

வெள்ளைத் தண்டு மரம். நிலா வெளிச்சத்தில் வெளேரென்று நிற்பதால் இந்தப் பேய்ப் பெயர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து கிழக்கே 85 கி.மீ. தூரத்தில் உள்ள டிரெஃபீனா பள்ளத்தாக்கில் மிகப் பெரிய மரம் ஒன்று இருக்கிறது. கிட்டப் போய்த் தண்டைத் தடவினால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி கையில் ஒட்டும். கிளை பிரியும் இடத்தில் பட்டை, மடக்கிய முழங்கை போல மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். அந்த மடிப்பை மட்டும் ஒரு படம் எடுங்கள்.

இந்த வெள்ளைதான் சிக்கலும். கேமராவை அதன் போக்கில் விட்டால் வெயில் பட்ட தண்டு வெளுத்து, பட்டையின் வரிகள் காணாமல் போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது ஒளியைப் பாதியாக்குங்கள். வெளுத்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள், கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுங்கள். நிழல் பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிவிடலாம், வெளுத்துப்போன பட்டையை மீட்க முடியாது.

சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அடுத்த கால் மணி நேரம் மண் மங்க, தண்டு மட்டும் தனியாகத் தெரியும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் ஒன்றிரண்டு நொடி.

போவதற்கு முன் ஆல்பர்ட் நமத்ஜிராவின் நீர்வண்ண ஓவியங்களைப் பாருங்கள். 1902இல் ஹெர்மன்ஸ்பர்க்கில் பிறந்த அர்ரெர்ன்டா பழங்குடி ஓவியர். பல ஓவியங்களில் முன்னால் ஓரமாக ஒரு வெள்ளை மரம், தூரத்தில் ஊதா மலை. எங்கே நின்று பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவை அவைதான்.

4. பாலைச் சவுக்கு

டெசர்ட் ஓக் என்றாலும் அது ஓக் இல்லை, நம்மூர்ச் சவுக்கின் சொந்தம். உலூரு என்ற பெரிய செம்பாறையின் பக்கம் நிறைய. இளமரம் ஒட்டடைக்குச்சி போல ஒல்லியாக நிற்கும். வேர் ஆழத்தில் நீரைத் தொட்ட பிறகே குடை விரியும். இரண்டும் ஒரே ஃபிரேமில் வரும்படி, சூரியனை மரத்துக்குப் பின்னால் வைத்துத் தாழ உட்கார்ந்து எடுங்கள். ஊசி இலைகளின் ஓரம் மின்னும்.

5. சில எச்சரிக்கைகள்

செந்தூசி மாவு போல நுண்ணியது. வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள், வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். அப்புறம், வறண்ட ஆற்றுப் படுகைகளில் நிற்கும் ரிவர் ரெட் கம், நம்மூரில் தைலமரமாக நடுகிற இனம்தான். காற்றே இல்லாதபோதும் பெரிய கிளை முறிந்து விழும். அடியில் ட்ரைபாட் போட வேண்டாம்.

உலூருவைச் சுற்றி நடக்கும்போது சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும். அந்த மண்ணின் பழங்குடிகளான அனங்கு மக்களுக்கு அவை புனிதமான இடங்கள். அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நடங்கள். படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் தனி அனுமதி வாங்க வேண்டும், அதைப் பயணத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.