மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடியும்போது கேட்டு வாங்க வேண்டிய ஒரு பக்கம்

அறுவை சிகிச்சை, கீமோ, கரண்ட் வைத்தல் (கதிர்வீச்சு) என்று மாதக்கணக்கில் மருத்துவமனையே கதியாக இருந்தவர்கள், சிகிச்சை முடிந்த அன்று "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்ற ஒற்றை வரியோடு வீடு திரும்புகிறார்கள். கையிலிருக்கும் கோப்பு தடிமனானதுதான். ஆனால் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று உள்ளூர் மருத்துவரிடம் போய் நிற்கும்போது, அவருக்கு வேண்டிய தகவலை அதற்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே, பெற்ற சிகிச்சையையும் இனிச் செய்ய வேண்டியவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதித் தருமாறு புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.

அந்தப் பக்கத்தில் கட்டியின் வகையும் நிலையும், கட்டி வளர ஹார்மோன் தூண்டுகிறதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனையின் முடிவும், எந்த அக்குளில் நெறிக்கட்டிகள் எடுக்கப்பட்டன என்பதும் இருக்க வேண்டும். மருந்துகளின் பெயரோடு நின்றுவிடாமல் மொத்த அளவையும் குறிக்கச் சொல்லுங்கள். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது என்பதால், ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் தரலாம் என்ற வரம்பு அதற்கு உண்டு. நோய் திரும்பினால் அதை மறுபடி தரலாமா என்பதை முடிவு செய்ய அந்த எண் வேண்டும். இடது மார்பில் கரண்ட் வைத்திருந்தால் அதையும் தவறாமல் எழுத வேண்டும், ஏனெனில் இதயம் இடப்புறத்தில்தான் இருக்கிறது.

அடுத்து, எந்த மாற்றத்திற்கு யாரிடம் போவது என்று கேளுங்கள். டமாக்சிபென் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுபவருக்கு மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு ஏற்பட்டால், அது சிறிதளவே ஆனாலும், கருப்பை உட்சுவரைப் பரிசோதிக்க வேண்டும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரைகள் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதால், அதை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எப்போது என்பதை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை நீர் தேங்கிக் கனத்தாலோ, வளையல் இறுகினாலோ அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்; கை சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எஞ்சிய மார்பகத்திற்கு ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) போதும். எந்த அறிகுறியும் இல்லாதபோது மன நிம்மதிக்காக எடுக்கும், உடலில் புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று தேடும் பெட் ஸ்கேன் ஆயுளைக் கூட்டுவதில்லை, பணம்தான் கரையும்.

பக்கத்தின் ஒரு நகல் உள்ளூர் மருத்துவரிடமும், ஒரு படம் மகன் அல்லது மகளின் கைபேசியிலும் இருக்கட்டும். மாத்திரை மாறும்போதெல்லாம் தேதியுடன் அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.