வகுப்பறையில் வலைப்பூவும் விக்கியும்: ஒரு கண்மாயை எழுதுவதன் வழியே

வலைப்பூவையும் விக்கியையும் வகுப்பறைக்குக் கொண்டுவர நினைக்கும் ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த மென்பொருள் என்பதன்று, எந்த எழுத்து எங்கே போக வேண்டும் என்பதே. வலைப்பூவில் (blog) ஓர் இடுகையை எழுதுபவர் ஒருவர். அவர் கண்டதும் கேட்டதும் நினைத்ததும் அவர் பெயரில், எழுதிய நாளோடு நிற்கும். விக்கிப் பக்கமோ தனியொருவருக்குச் சொந்தமானதன்று. வகுப்பில் உள்ள யாரும் அதைத் திறந்து திருத்தலாம், ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் எழுதியே உணர வேண்டும். அதற்கு ஏற்ற பொருளாக நான் பரிந்துரைப்பது உள்ளூர் நீர்நிலை. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் கண்மாய் இல்லாத ஊர் அரிது. வடக்கே அதையே ஏரி என்பார்கள். எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பு ஒரு பருவம் முழுவதும் எழுதுவதற்கு ஒரே கண்மாய் போதும். வரலாறு, புவியியல், தமிழ், கணக்கு ஆகிய நான்கு பாடங்களுக்கும் அதில் வேலை இருக்கிறது.

தொடங்குமுன் தட்டச்சைக் கவனியுங்கள். பள்ளிகளில் வினாத்தாள்களுக்குப் பழகிப்போன பழைய எழுத்துருக்களில் அடித்ததை வலைப்பக்கத்தில் ஒட்டினால் புரியாத குறிகள்தான் தெரியும். எனவே முதல் நாளிலிருந்தே, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் ஒருங்குறியில் (யூனிகோடு) மட்டுமே எழுதப் பழக்க வேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இரண்டு வாரம் தினமும் சிறிது நேரம் பயின்றால் போதும், பிள்ளைகள் ஆசிரியரை முந்திவிடுவார்கள். கைப்பேசியில், ஆங்கில எழுத்துகளால் தமிழை அடிக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதிப் பழகியவர்களைத் தடுக்க வேண்டியதில்லை.

விக்கியைப் பொதுவெளியில் தொடங்க வேண்டாம். மாணவர்கள் தயங்காமல் தவறு செய்யவும், அதை மற்றவர்கள் திருத்தவும், வகுப்புக்குள் மட்டும் தெரியும் விக்கி ஒன்று தேவை. இணைய இணைப்பு நிலையாக இல்லாத பள்ளிக்கு டோக்குவிக்கி என்னும் விக்கி மென்பொருள் மிகவும் பொருத்தம். அதற்குத் தனியான தரவுத்தளம் வேண்டாம். பக்கங்கள் சாதாரண உரைக்கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. பென் டிரைவிலிருந்து இயக்கக்கூடிய பதிப்பும் உண்டு. கணினி ஆய்வகத்தில் ஒரு கணினியில் அதை நிறுவினால், உள் வலையமைப்பில் இணைந்த மற்றக் கணினிகள் எல்லாவற்றிலும் உலாவி வழியே திறக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: டோக்குவிக்கியில் ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது அது பிறருக்குப் பூட்டப்படும், இயல்பான அமைப்பில் அந்தப் பூட்டு 15 நிமிடம். ஆகவே, வகுப்பு முழுவதற்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்தால் ஒருவர் எழுத மற்றவர்கள் காத்திருப்பார்கள். மடைகள், கலிங்கு (மிகுநீர் வழியும் இடம்), வரத்துக்கால் (நீர் வரும் கால்வாய்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்), மீன்பாசி (மீன்பிடி உரிமை), கரையிலுள்ள கோயில் என்று பக்கங்களைப் பிரித்து, குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

வலைப்பூ வகுப்புக்கு ஒன்று போதும். ஆளுக்கொரு வலைப்பூ தொடங்கினால் எதையும் யாரும் தொடர்ந்து படிப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. பிளாகர், வேர்ட்பிரஸ் என்னும் வலைப்பூச் சேவைகள் இரண்டுமே இதற்கு உதவும். இடுகைகளை ஆசிரியரே வெளியிடட்டும்; பின்னூட்டங்கள் அவரது ஒப்புதலுக்குப் பிறகே வெளியாகும்படி அமைத்துவிடுங்கள். பெற்றோருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, என்ன எழுதப்படும், யார் படிக்க முடியும், பிள்ளையின் பெயர் எப்படி வரும் என்று விளக்கிக் கையொப்பம் பெறுவது கட்டாயம். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம் கடமை. முழுப் பெயர், முகம் தெரியும் படம், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்த புனைபெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதில் அவர்கள் காட்டும் உற்சாகத்தைப் பார்த்தால் உங்களுக்கே எழுத ஆசை வரும்.

இனி எழுதும் முறைக்கு வருவோம்; உழைப்பு முழுவதும் இங்கேதான். முதல் வாரத்தில் எந்தக் குழுவும் ஏறக்குறைய இப்படித்தான் எழுதும்: ‘எங்கள் ஊர்க் கண்மாய் மிகவும் பழமையானது. இதனால் பல ஏக்கர் நிலங்கள் பாசனம் பெறுகின்றன.’ இதை நீங்கள் திருத்தாதீர்கள். அடுத்த குழுவிடம் கொடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வியைப் பக்கத்தின் கீழே எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு பழமை, யார் சொன்னது? பல ஏக்கர் என்றால் எத்தனை? எந்த மடை வழியே? அந்தக் கேள்விகள் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அனுப்பும். ஒரு பெரியவரின் துணையோடு கரையில் நடந்து மடைகளை எண்ணுவார்கள். கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று விசாரிப்பார்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பதை அப்போது அறிவார்கள். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் பொறுப்பை வழிவழியாகப் பார்த்துவரும் நீர்க்கட்டி ஊரில் இன்னும் இருந்தால், அவரைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைக்கமாட்டார். மூன்றாம் வாரத்தில் அதே பத்தி, ‘கண்மாய்க்கு மூன்று மடைகளும் ஒரு கலிங்கும் உள்ளன. நடுமடையின் அடைப்புக் கல் உடைந்திருப்பதால் கீழ்வயலுக்கு நீர் ஒழுங்காகப் போவதில்லை என்று நீர்க்கட்டி கூறினார்’ என்று மாறியிருக்கும். முதல் வடிவத்தையும் இந்த வடிவத்தையும் ‘வேறுபாடு’ காட்டும் வசதியில் அருகருகே வைத்துத் திரையில் காட்டுங்கள். உரைநடை பற்றி ஒரு பருவம் பேசிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு திரை புரியவைக்கும்.

முரண்பாடுகள் வரும், வர வேண்டும். கண்மாய் எந்த ஆண்டு உடைந்தது என்பதில் இரண்டு தாத்தாக்கள் இரண்டு ஆண்டுகளைச் சொல்வார்கள். தன் தாத்தா சொன்னதே சரி என்று ஒருவன் மற்றவன் எழுதியதை அழிப்பான். மற்றவன் அதை மீட்பான். அழிப்பதற்கு முன், அந்தப் பக்கத்துக்குத் துணையாக நீங்கள் தொடங்கித் தரும் உரையாடல் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும் என்ற ஒரே விதியை அப்போது அறிமுகப்படுத்துங்கள். இருவர் கூற்றையும், யார் சொன்னது என்ற குறிப்போடு, விக்கிப் பக்கத்தில் வைக்கலாம். அந்த இரவு ஊரே கரையில் நின்று மணல்மூட்டை அடுக்கிய கதையைத் தாத்தா சொன்ன விதமோ வலைப்பூவுக்கு உரியது. அங்கே பேரனின் வியப்புக்கும் தாத்தாவின் பேச்சுவழக்குக்கும் இடமுண்டு; வட்டாரச் சொற்களைச் செந்தமிழாக்கும் ஆசையை ஆசிரியர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

பாடநூலோடு இணைப்பதும் கடினமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் ஏரி வாரியத்தை, அதாவது ஏரியைப் பராமரித்த ஊர்க்குழுவை, பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். நம் கண்மாயை இன்று தூர்வாருவதும் காப்பதும் யார் என்ற கேள்வியோடு அதே பாடத்தை வலைப்பூவில் எழுதச் சொன்னால், வாரியம் என்பதன் பொருள் அவர்களுக்கு முழுமையாக விளங்கும்.

பின்னூட்டம் எழுதவும் கற்பிக்க வேண்டும். ‘சூப்பர்’, ‘அருமை’ என்று மட்டும் எழுதுவதை ஏற்காதீர்கள். இடுகையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதே பின்னூட்டம் என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் சேர்க்கலாம். முடிந்த பக்கத்துக்கு மதிப்பெண் போடாமல், பக்கத்தின் வரலாற்றைத் திறந்து ஒவ்வொருவரும் செய்ததைப் படித்துப் போடுங்கள். நன்றாக எழுதத் தெரிந்த இருவர் முழுப் பக்கத்தையும் எழுதிவிட, மற்றவர்கள் பெயர் மட்டும் கொடுக்கும் வழக்கம் அதனால் நிற்கும். நல்ல கேள்வி கேட்டவருக்கும், சான்று தேடிச் சேர்த்தவருக்கும், பிறர் வாக்கியத்தைத் திருத்தி, சேமிக்கும்போது வரும் சுருக்கப் பெட்டியில் காரணம் எழுதியவருக்கும் நீண்ட பத்தி எழுதியவருக்கு இணையாக மதிப்பெண் தர வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை உரையாடல் பக்கத்தில் கூர்மையாக வாதிடுவதை இப்படித்தான் நாம் கண்டுகொள்கிறோம்.

பருவத்தின் இறுதியில், விருப்பமும் தேர்ச்சியும் உள்ள சிலரைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அழைத்துச் செல்லலாம். 2003-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தின் விதிகள் வகுப்பு விக்கியின் விதிகளைவிடக் கடுமையானவை. நீர்க்கட்டி நேரில் சொன்னது அங்கே சான்றாகாது. அச்சிலோ நம்பத்தக்க தளத்திலோ வெளியானதே சான்று. ஆகவே மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்), தொல்லியல் துறையின் கல்வெட்டு வெளியீடுகள், நாளிதழ்ச் செய்திகள் ஆகியவற்றில் கிடைப்பதை மட்டும் தங்கள் சொற்களில் எழுதி, மேற்கோள் தர வேண்டும். புதுக் கட்டுரை தொடங்குவதைவிட, ஏற்கெனவே உள்ள ஊர்க் கட்டுரையில் சான்றுள்ள இரண்டு வாக்கியங்களைச் சேர்ப்பது நல்ல தொடக்கம். முதலில் மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். ஐயம் இருந்தால் ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கத்தில் கேட்கலாம். கண்மாயை அவர்களே எடுத்த படங்களை, பிறரும் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விக்கிமீடியா பொதுவகம் என்னும் படக் களஞ்சியத்தில் ஏற்றலாம். இணையத்தில் தேடி எடுத்த படங்களை ஏற்றக் கூடாது. பல ஆசிரியர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா விடுவதில்லை. எனவே கணக்குகளைச் சில நாள்களுக்கு முன்பே, பெற்றோர் அறிய, வீட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அல்லது தமிழ் விக்கிப்பீடியா நிருவாகிகளிடம் முன்கூட்டியே தெரிவித்து உதவி பெறுங்கள்.

ஆண்டு முடியுமுன் எல்லாவற்றையும் படியெடுத்து வைப்பது தவிர்க்கக் கூடாத வேலை. உலகெங்கும் வகுப்பறைகளில் பயன்பட்ட விக்கிஸ்பேசஸ் சேவை 2018-இல் மூடப்படத் தொடங்கியபோது, படியெடுக்காத பள்ளிகள் தங்கள் பக்கங்களை இழக்க நேர்ந்தது. டோக்குவிக்கியின் கோப்புறையை அப்படியே இரண்டு இடங்களில் சேமியுங்கள். வலைப்பூவை ஏற்றுமதி செய்து கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த இடுகைகளை அச்சிட்டுத் தைத்து, ஒரு படியைப் பள்ளி நூலகத்துக்கும் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்துக்கும் கொடுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு முந்தைய பக்கங்களிலிருந்தே தொடங்கட்டும். நடுமடை செப்பனிடப்பட்டதா என்று போய்ப் பார்த்து எழுதுவது அவர்களது முதல் பணியாக இருக்கலாம்.